ஒரு பல் தள்ளி வைத்த சந்தனம்

அய்யா,

நாளைக்கு ஆயுத பூஜை. காலையிலேயே சந்தனம் கரைத்து வைத்துவிட்டேன். அது கிண்ணத்தில் காய்ந்து ஓரம் வெடித்துப்போனது. தண்ணீர் தெளித்து மறுபடியும் கலக்கினேன். அதுவும் காயத் தொடங்கிவிட்டது. அடுப்படிக்கும் பட்டறைக்கும் இடையில் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறேன், மேசையைப் பார்க்கிறேன், அப்படியே திரும்பி வந்துவிடுகிறேன். உன் அப்பா ஒரு தடவை தலையைத் தூக்கி, "என்ன புள்ள, குட்டி போட்ட பூனை கணக்கா அங்கனயும் இங்கனயும் சுத்திக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியே பதினோரு வருடத்தை ஓட்டிவிட்டவள் நான்.

மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு கியர்களை வைத்திருக்கிறார். ஒன்று சின்னது, இரும்பு. இன்னொன்று பெரியது, ஃபைபர். பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி வீட்டுப் பழைய அமெரிக்கக் கார் மறுபடியும் நம் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஆமாம், அதே கார்தான். போன மாதம் முன்பக்கத்திலிருந்து ஊளையிட ஆரம்பித்துவிட்டதாம். பானெட்டைத் திறக்காமலேயே, டைமிங் கியர் தேய்ந்துவிட்டது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் மகன் கம்ப்யூட்டரில் தேடி, வெளிநாட்டிலிருந்து கியரை வரவழைத்துக் கொடுத்தான். பெரியது மட்டும் போதாதா என்று அவன் கேட்டதற்கு உன் அப்பா, "தேஞ்ச பல்லோட புதுப் பல்லச் சேத்தா ரெண்டும் கெட்டுப்போகும் தம்பி. மாத்துனா ஜோடியாத்தான் மாத்தணும்" என்றார். இந்த வசனத்தை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை காதில் அவர் போடாமல் வந்ததில்லை. பல்லும் பல்லும் சேர வேண்டும், ஆனால் நெருக்கக் கூடாது, நடுவில் ஒரு காலண்டர் தாள் போய்வர இடம் வேண்டும் என்று பந்தியில் உட்கார்ந்தே ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளைப் பையன்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார்கள்.

மேகலாவோடு நடக்கப்போகிற உன் கல்யாணத்துக்கு அதைச் சொல்ல அவர் வரமாட்டார் போலிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் சரிம்மாவுக்கு நடுவில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது.

போன வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை முழுக்க மாவு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்திருந்தேன். உன் அப்பா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. "அம்மா, நீ முந்தின நாளே மேகலா வீட்டுக்கு வந்துரு. அப்பா காலையில நேரா மண்டபத்துக்கு வந்தாப் போதும். வந்து நாலு பேரு முன்னாடி எதுவும் பேசாம இருந்தாச் சரி" என்று நீ சொன்னாய். உன் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது. மறுநாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே, "கார்த்திகையில எனக்குச் சோலி கெடக்கு. ஓசூருக்கு நீ மட்டும் போயிட்டு வா" என்றார். பெற்ற மகன் கல்யாணத்துக்குப் போகாத அளவுக்கு என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் தூக்கம் இல்லை.

உனக்கு நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். நீ நின்ற இடத்திலிருந்து அது உனக்கு மனப்பாடம். நான் நின்ற இடத்திலிருந்து கேள்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஐப்பசிக்குள் வந்தது. அண்ணாச்சி மகளுக்கு விஜயதசமி கழித்து நாலாம் நாள் முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரைத்தான் கொண்டுவர வேண்டும் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய அப்பா கல்யாணத்துக்கு ஓடிய கார் அது. எஞ்சினை முழுவதும் பிரித்து, நீயும் உன் அப்பாவும் இரண்டு மாதம் வேலை பார்த்தீர்கள். சின்னது தேயவில்லை என்று பெரிய கியரை மட்டும் மதுரையில் கடைந்து வாங்கி வந்தீர்கள். கடைந்து வந்த கியரில் புள்ளி கிடையாது. சின்ன கியரின் புள்ளியும் பெரிய கியரின் புள்ளியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால்தான் வால்வு நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடும் என்று எனக்கு நீதான் சொல்லிக் கொடுத்தாய், பத்து வயதில், இரண்டு வடைகளை வைத்துக்கொண்டு. உன் அப்பா பழைய கியரைப் பக்கத்தில் வைத்துப் பல்லை நாலு தடவை எண்ணி, புதியதில் ஒரு பல்லின் மேல் மஞ்சள் பெயிண்டில் புள்ளி வைத்தார். ஃபைபரில் உளி வைத்து அடித்தால் விரிசல் விடும் என்று பெயிண்ட். வைத்துக் கை துடைப்பதற்குள் வெம்பக்கோட்டை ரோட்டுப் பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஜெனரேட்டர் நின்றுவிட்டது, தீபாவளி ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது, உடனே வர வேண்டும் என்று. "நான் வர ரெண்டு மூணு நாளாகும். பூஜை முடிஞ்சதும் மஞ்சப் புள்ளியப் பாத்துச் சேத்து மூடிரு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்று மத்தியானம் நான் பூஜைக்காகப் பட்டறையைத் துடைத்தேன். உனக்குத் தெரியும், ஸ்பானர் முதல் ஜாக்கி வரைக்கும் ஒன்று விடாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. மேசையில் இருந்த பெரிய கியரையும் எடுத்துத் துடைத்தேன். ஒரு பல்லின் மேல் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் உன் அப்பா சந்தனம் வைத்துத்தான் உள்ளே எடுப்பார் இல்லையா. அதுதான் இது என்று நினைத்தேன். பூஜைக்குப் பழைய சந்தனம் இருக்கக் கூடாது என்று அழுத்தித் துடைத்தேன். சுத்தமாக வந்துவிட்டது. மறுநாள் எல்லாவற்றிற்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். மேசைக்கு வரும்போது குங்குமம் தீர்ந்துபோயிற்று. கடைசி நாலைந்து சாமான்களுக்குச் சந்தனம் மட்டும் வைத்தேன். பெரிய கியருக்கும் சந்தனம் மட்டும்தான். பழைய பொட்டு இருந்த இடம் என்று நினைத்து, ஏறக்குறைய அதே இடத்தில் வைத்தேன். ஒரு பல் தள்ளி வைத்திருக்கிறேன்.

விஜயதசமி அன்று காலையில் நீ குளித்துவிட்டு வந்து, குங்குமம் இல்லாத என் சந்தனத்தை உன் அப்பாவின் மஞ்சள் புள்ளி என்று நம்பிச் சேர்த்து மூடினாய். இவ்வளவுதான் விஷயம். உன் கண் பிசகவில்லை. உன் எண்ணிக்கையும் பிசகவில்லை. புள்ளியே பிசகு. அது நான் வைத்தது.

எஞ்சின் ஓடியதும் உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குப் போன் செய்து, "ஐட்லிங் நிக்க மாட்டேங்குப்பா, இடிச்சு இடிச்சு ஓடுது" என்று நீ சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "புதுசு அப்படித்தாம்லே இருக்கும். ஓட ஓடச் சரியாப்போகும்" என்று அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. அவருக்கு அன்றைக்கு ஜெனரேட்டர்தான் தலையில் இருந்தது. மறுநாளே டிரைவர் வந்து பாலிஷ் போட, பூ கட்ட என்று காரை எடுத்துப் போய்விட்டான்.

மாப்பிள்ளை அழைப்பில் தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது அது வெடித்த வெடியை ஊரே பார்த்தது. முதலில் சிரித்தார்கள். "அண்ணாச்சி இந்த வருசம் கார்லயே சரம் கட்டிட்டாரு" என்று யாரோ ஒருவன் சொன்னான். பிறகு கார்புரேட்டரிலிருந்து தீ எழும்பி, பானெட்டின் பெயிண்ட் கொப்புளித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கூடவே வந்த நீ சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடந்து போனார். பட்டுவேட்டியும் மேளமுமாக அவர் நடந்து போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும்.

மறுநாள் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். அண்ணாச்சி, அவர் தம்பி, டிரைவர், பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் நிற்கும்போது உன் அப்பா கவரைக் கழற்றினார். கியரைத் தண்டோடு பூட்டுகிற சாவிக்கட்டிலிருந்து பல்லை எண்ணினார். ஒரு பல் தள்ளியிருந்தது. "மஞ்சப் புள்ளி இருந்துச்சுப்பா. நான் பாத்துத்தான் வச்சேன்" என்றாய். "எங்கன இருக்கு? காட்டு" என்றார். எங்கே இருக்கும்? பெயிண்டை என் துணி தின்றுவிட்டது. சந்தனத்தை எஞ்சின் ஆயில் கழுவிவிட்டது. கியர் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நீ குனிந்து தேடினாய். உன் அப்பா கையை நீட்டி, "எண்ணத் தெரியாதவன் கையில ஸ்பானர் எதுக்குலே? குடு இங்கன" என்றார். நீ கொடுத்தாய். நான் டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துணி, மஞ்சள், தீர்ந்துபோன குங்குமம், எல்லாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் டீ தட்டோடு நின்றவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணாச்சி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

நான் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன் என்று நீ நினைக்கலாம். அப்படி நினைத்தால் எனக்கு வசதிதான். ஆனால் அது உண்மை இல்லை. உன் அப்பாவுக்கு நான் என்றைக்குப் பயந்திருக்கிறேன்? நீ போகட்டும் என்றுதான் வாயை மூடினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் நான் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தேன் என்பது உனக்குத் தெரியும். அலுமினியப் பொடி ஏறி என் கை வெள்ளியாக இருந்ததை உன் அப்பா சொல்லிக் கேலி செய்வார். என் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்தவள் என் அக்கா. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. அவள் போனாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். நம் பட்டறைக்கு வந்தபோது, இனி மருந்து வாடை நம் வீட்டுக்குள் வராது என்று நினைத்தேன். ஆனால் கம்பெனி ஜெனரேட்டர், கம்பெனி லாரி என்று நீயும் அந்தக் கேட்டுக்குள்தான் போய்வந்தாய். அந்த ஆவணியில் ஒரு நாள், நீ ஜெனரேட்டர் பார்க்கப் போன கம்பெனியில் மறுகோடி ஷெட் ஒன்று வெடித்துப் போய்விட்டது. சத்தம் ஆமத்தூர் வரைக்கும் கேட்டது என்றார்கள். நீ சாயங்காலம் வந்தாய், தலைமுடியெல்லாம் சாம்பல். "நாங்க தூரத்துல இருந்தோம்மா. ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சோறு கேட்டாய். நீ சாப்பிடும்போது உன் முடியிலிருந்து சாம்பல் தட்டில் உதிர்ந்தது. ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாய். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இவன் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. இந்தப் பக்கமே இருக்கக் கூடாது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் கேட்டதை அம்மன் ஒரு கியர் வழியாகக் கொடுத்தாள் என்றுதான் அந்த நிமிடத்தில் நினைத்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மற்றது தானாக நடக்கும். நடந்தது. பதினைந்து நாளில் நீ ஓசூருக்குப் போனாய். எஞ்சினே இல்லாத பேட்டரி வண்டி செய்கிற கம்பெனி, அதில் டைமிங் கியரும் இல்லை, திட்டுகிற அப்பாவும் இல்லை என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். அடுத்த மாதமே இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு ஏற்றினேன். உனக்கு வேலை கிடைத்ததற்கு என்று உன் அப்பா நினைத்துக்கொண்டார். வெல்லம் இடித்துக் கொடுத்ததே அவர்தான்.

பிறகு நடந்தது நான் கேட்காதது. நீ பொங்கலுக்கு வருவாய், ஒரு நாள் இருப்பாய், பட்டறைப் பக்கம் போக மாட்டாய். "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்பார் அவர், நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. "அப்பா மாத்திரை போட்டாங்களான்னு கேளும்மா" என்பாய் நீ. உங்கள் இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி. அந்தக் கல்யாணக் கியரின் இரண்டு பல் முனை உதிர்ந்திருந்தது என்று அதை மாற்றிவிட்டு, பழையதைப் பட்டறை வாசலில் ஆணியடித்து மாட்டினாரே, நினைவிருக்கிறதா? வேலைக்கு வருகிறவனிடமெல்லாம், "எண்ணாமச் சேத்தா இப்படித்தான்" என்று அதைக் காட்டுவார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்கும் பொட்டு வைக்கச் சொல்வார். வைத்தேன். பத்து வருடம், என் திருட்டுக்கு நானே பொட்டு வைத்தேன்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தாய் என்றால் சொல்லாமல் இருக்க முடியாது. மேகலாவுக்கு நல்லது என்று நீயாக ஒன்றை முடிவு செய்துகொண்டு, அவளிடம் சொல்லாமல் காரியம் பார்க்காதே. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது பொய் சொல்வதைக்கூடப் புண்ணியம் மாதிரி காட்டிவிடும். கோபம் வந்தால் கத்திவிடு. உன் அப்பா கத்தியதை ஊர் கேட்டது, ஆறு மாதத்தில் மறந்தது. நான் பேசாமல் இருந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. அதுதான் இந்த வீட்டை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்குக் காகிதத்தில் சொல்வது பெரிய வீரம் இல்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்லாமல் உனக்கு மட்டும் அனுப்பினால், இதுவும் பழைய வேலைதான். போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன்.

நான் போனபோது அவர் சின்ன கியரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தார், ஆனாலும் சொல்கிறேன். அவருக்கு வலது கண்ணில் புரை. தீபாவளி கழித்து ஆபரேஷன். புள்ளி தெரியாமல் நகத்தால் தேடுகிறார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முடித்ததும், "மண்ணெண்ணெயா, வெறுந்துணியா?" என்று கேட்டார். மண்ணெண்ணெய் என்றேன். "எம்புட்டு நேரம் கழிச்சு?" என்றார். நீங்கள் போய் இரண்டு மணி நேரம் இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஆயில் பட்ட ஃபைபரு. ரெண்டு மணி நேரத்துல பெயிண்டு எங்கன புடிக்கும்? அரத்த எடுத்து ஒரு கோடு இழுத்துட்டுப் போயிருக்கணும். ஒரு நிமிசம் ஆகியிருக்காது." கியரைத் தடவிக்கொண்டே, "ஐட்லிங் நிக்கலன்னு வேற சொன்னான்" என்றார்.

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டவில்லை. "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். உனக்கு எழுதிய காரணத்தை அப்படியே சொன்னேன். அக்கா, சாம்பல், மாவிளக்கு எல்லாம். அப்போதுதான் அவர் முகம் மாறியது. கியரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவன அனுப்பணும்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே, புள்ள. அந்தச் சாம்பல நானும்தான பாத்தேன். நல்ல வார்த்த சொல்லி, பஸ் ஏத்தி விட்டிருப்பேனே."

அய்யா, இந்தப் பதினோரு வருடத்தில் என்னென்னவோ பதில்களை நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். இது அதில் இல்லை. நீ எப்படியும் போயிருப்பாய். சிரித்த முகத்தோடு போயிருப்பாய். நான் திருடியது அதைத்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. வாசலுக்குப் போய், ஆணியிலிருந்து அந்தக் கியரைக் கழற்றினார். ஆணியையும் பிடுங்கினார். மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறையிலேயே கொண்டுவந்து வைக்கச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இங்கன வா" என்றார். இரண்டு கியரையும் எஞ்சினில் சேர்க்கப் போனார். பூஜை முடிந்து சேர்ப்பதுதானே வழக்கம் என்றேன். "வழக்கம் பாத்த லட்சணம் போதும்" என்றார். "எனக்குப் புள்ளி தெரியல. நீ பாத்துச் சொல்லு." டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். சின்னதன் புள்ளி, பெரியதன் புள்ளி. இந்தக் கியர்களில் வெட்டியே வந்திருக்கிறது, எந்தத் துணிக்கும் அழியாது. "நேரா இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "அம்மன் மேல சத்தியமா?" சத்தியமா என்றேன். தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து இரண்டு பல்லுக்கு நடுவில் செருகி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். தாள் கிழியாமல், மடிப்பு விழுந்து வெளியே வந்தது. அவருக்குத் திருப்தி.

கவரை மூடுவார் என்று போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி டப்பாவில் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார், கூடவே அவர் மகன், டிரைவர். கடைக்காரரும் பேச்சுச் சத்தம் கேட்டு வந்து நின்றார். "என்ன மேஸ்திரி, சேத்துட்டீக போல. பூஜை முடிஞ்சதும் வண்டிய எடுத்துக்கிடலாமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"முடியாது அண்ணாச்சி" என்றார் உன் அப்பா. "மகன் வந்து புள்ளியப் பாக்கணும். அவன் சரின்னு சொன்னாத்தான் கவர மூடுவேன். அன்னைக்கும் அவன் சரியாத்தான் பாத்தான். தப்பு எங்க பக்கம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சரி, தம்பி வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்க பக்கம் என்றாரே தவிர, என் பெயரை அவர் சொல்லவில்லை. அந்த நாலு பேரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும், நாளைக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கும்போது சொல்வேன்.

வேலைப் பேச்சைத் தவிர என்னோடு அவர் இன்னும் பேசவில்லை. பேசுவார். உன் விஷயம் எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாளே வா என்று சொன்னவளை வரவே வேண்டாம் என்று நீ சொல்லலாம். சொல்ல உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் போனில் சொல்லாதே. திட்டுவதாக இருந்தாலும் இங்கே வந்து, அன்றைக்கு நீ நின்ற இடத்தில் நின்று, அவர் முன்னால் வைத்துத் திட்டு. நான் டீ தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக்கு எல்லாவற்றிற்கும் பொட்டு வைப்பேன், அந்த இரண்டு கியருக்கும் வைக்க மாட்டேன். தூசி படாமல் உன் அப்பா அதன் மேல் துவைத்த வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார். கவர் கழற்றியபடியே இருக்கிறது. உன் பழைய ஸ்பானரை எங்கிருந்தோ தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதை நான் துடைக்கவில்லை.

அம்மா